மீன்தொட்டியில் அம்மோனியா: நோயறிந்த வரலாறும் மீட்பு முறையும்

மீன்தொட்டியில் வளரும் மீன்களை மிகுதியாகக் கொல்வது கிருமியோ பட்டினியோ அன்று. மீன் தானே வெளியேற்றும் அம்மோனியாதான். புதுத் தொட்டி வாங்கி, நீர் நிரப்பி, ஐந்தாறு மீன்களை விட்ட வீடுகளில் முதல் வாரம் எல்லாம் நன்றாகவே இருக்கும். இரண்டாம் வாரத்தில் மீன்கள் நீரின் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து மூடும். தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும்போதே ஒவ்வொன்றாக இறக்கும். தெளிந்த நீரில் மீன் ஏன் சாகிறது என்ற கேள்விக்கு முழு விடை கிடைக்க அறிவியலுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அந்த விடை கிடைத்த வழியை அறிந்தவர்களுக்கு, நோயுற்ற மீனை மீட்கும் முறையில் ஒவ்வொரு படியும் ஏன் அமைந்தது என்பது எளிதில் விளங்கும். காங்கேயம் போன்ற கடின நீர்ப் பகுதிகளில் வாழ்வோர் இதை அறிந்திருப்பது கூடுதல் பயன் தரும். அங்கே இந்த நஞ்சின் வேகம் அதிகம்.

அம்மோனியா என்னும் பொருள்

அம்மோனியா தமிழர்களுக்குப் புதிய பொருள் அன்று. பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர், காய்ந்த பாத்திரத்தில் நவச்சாரத் தூளைத் தூவித் துணியால் தேய்ப்பர். அப்போது வெண்புகையோடு எழுந்து மூக்கைத் துளைக்கும் நெடியில் அம்மோனியாவும் உண்டு. நவச்சாரம் என்பது அம்மோனியம் குளோரைடு. சித்த மருத்துவ நூல்களிலும் இது இடம்பெற்றுள்ளது. காற்றோட்டமில்லாத மாட்டுக் கொட்டிலில் காலையில் நுழையும்போது கண்ணைக் கரிக்கச் செய்வதும் இதே வாயுதான்.

உயிர்கள் உண்ணும் புரதத்தில் நைட்ரஜன் உள்ளது. உடல் பயன்படுத்தியது போக மிஞ்சும் நைட்ரஜனை வெளியேற்றியாக வேண்டும். மனிதனும் மாடும் அதை யூரியாவாக மாற்றிச் சிறுநீரில் விடுகின்றன. பறவைகள் யூரிக் அமிலமாக விடுகின்றன. மீன்களில் பெரும்பாலானவை அம்மோனியாவாகவே விடுகின்றன. ஆற்றிலும் குளத்திலும் சுற்றிலும் நீர் ஏராளம் என்பதால் அது உடனே கரைந்து விலகிவிடும். 50 லிட்டர் கண்ணாடித் தொட்டியில் அது விலகிச் செல்ல இடமில்லை.

வாரிங்டனின் கண்ணாடிக் கலம்

கண்ணாடித் தொட்டியில் நீர்வாழ் உயிர்களை வளர்த்து ஆராய்ந்தவர்களில் முன்னோடி ழான் வில்பிரூ பவர். பிரான்சில் பிறந்து சிசிலித் தீவின் மெசினா நகரில் வாழ்ந்த இப்பெண்மணி, 1832-இல் ஆர்கோனாட் என்னும் கடலுயிரியை ஆராய்வதற்காகக் கண்ணாடித் தொட்டிகளை அமைத்தார்.

நன்னீர்த் தொட்டியின் வரலாறு இலண்டனில் தொடங்குகிறது. ராபர்ட் வாரிங்டன் (1807–1867) என்ற வேதியியலாளர் 1849-இல் ஒரு பெரிய கண்ணாடிக் கலத்தில் நீர் நிரப்பி, இரண்டு சிறிய தங்கமீன்களை விட்டார். நாடா போன்ற நீண்ட இலைகளைக் கொண்ட வாலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரத்தையும் நட்டார். மீன் விடும் கரியமில வாயுவைத் தாவரம் எடுத்துக்கொள்ளும், தாவரம் விடும் ஆக்சிஜனை மீன் எடுத்துக்கொள்ளும் என்பது அவர் எண்ணம். சிறிது காலத்தில் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கியது. அழுகலை உண்ணும் நத்தைகளை அவர் விட்ட பிறகு தொட்டி நிலைத்தது. 1850-இல் வேதியியல் கழகத்தில் இதை அவர் ஒரு கட்டுரையாக வாசித்தார். 1853-இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் மீன்களுக்கான தனிக் கட்டடம் திறக்கப்பட்டது. மறு ஆண்டு பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் வெளிவந்ததும் கண்ணாடித் தொட்டி இங்கிலாந்தின் வீட்டுக் கூடங்களுக்குள் நுழைந்தது.

வாரிங்டனின் விளக்கம் சரியானது, ஆனால் முழுமையானது அன்று. நத்தை அழுகலைத் தின்றாலும் அதுவும் கழிவை விடும். மீன் விடும் அம்மோனியா எங்கே போயிற்று? அக்காலத்தில் இக்கேள்வி பெரிதாக எழவில்லை. தாவரம் கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டது. மீதியை மணலிலும் கண்ணாடிச் சுவரிலும் படிந்திருந்த கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் மாற்றிக்கொண்டிருந்தன. அவற்றைக் கண்டறியும் பணியில் பின்னாளில் பங்கேற்றவர்களுள் வாரிங்டனின் சொந்த மகனும் ஒருவர்.

மணலுக்குள் இருபது நாள்

அம்மோனியா மண்ணில் நைட்ரேட்டாக மாறுவது அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். இந்தியாவில் வெடியுப்பு எடுத்தோர் பல தலைமுறைகளாக இதைப் பயன்படுத்தியவர்கள். மனிதரும் கால்நடையும் வாழ்ந்த ஊர்களின் பழைய மண்ணைச் சேர்த்து, நீரூற்றி வடித்து, காய்ச்சி உப்பெடுத்தனர். சிறுநீரின் நைட்ரஜன் மண்ணில் நைட்ரேட்டாக மாறியிருந்ததால்தான் அந்த மண்ணில் வெடியுப்பு கிடைத்தது. கொங்கு நாட்டில் அறுவடை முடிந்த காட்டில் ஆட்டுப்பட்டி போடுவதன் பயனும் இதே மாற்றத்தால் விளைவதுதான். ஆனால் இது வெறும் வேதிவினை என்றே 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பலர் கருதினர்.

1877-இல் பிரான்சைச் சேர்ந்த தியோஃபில் ஷ்லோசிங், அஷில் முன்ட்ஸ் ஆகிய இருவரும் ஒரு நீண்ட குழாயில் மணலும் சுண்ணாம்புக் கல்லும் நிரப்பி, அதன் வழியே சாக்கடை நீரை மெல்ல வடியவிட்டனர். முதல் 20 நாட்களுக்கு அம்மோனியா உள்ளே போனபடியே வெளியே வந்தது. அதன்பின் வெளிவரும் நீரில் நைட்ரேட் தோன்றத் தொடங்கி, அம்மோனியா குறைந்து மறைந்தது. வெறும் வேதிவினை என்றால் முதல் நாளிலேயே நடந்திருக்க வேண்டும். 20 நாள் காத்திருப்பு ஏதோ ஓர் உயிர் பெருகுவதற்கான காலம் என்று அவர்கள் கருதினர். உறுதி செய்ய குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினர். மாற்றம் நின்றது. ஆவியை நீக்கிய பின்னும் அது தானாகத் தொடங்கவில்லை. சிறிதளவு மண்ணைக் கரைத்த நீரை ஊற்றியபின் மீண்டும் தொடங்கியது.

புதிதாக அமைத்த மீன்தொட்டி ஏன் மூன்று வாரமோ அதற்கு மேலுமோ ஆபத்தாக இருக்கிறது என்பதற்கான விடை இந்தச் சோதனையிலேயே அடங்கியுள்ளது. நல்ல நிலையில் உள்ள பழைய தொட்டியின் மணலைக் கொஞ்சம் சேர்த்தால் புதுத் தொட்டி விரைவில் பழகுவதற்கான காரணமும் இங்கேயே உள்ளது.

தந்தையின் தொட்டி, மகனின் ஆய்வு

வாரிங்டனின் மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான் (1838–1907). தந்தை தங்கமீன் தொட்டியை அமைத்தபோது அவருக்குச் சுமார் 11 வயது. உடல்நலக் குறைவால் முறையான பள்ளிப் படிப்பைவிடத் தந்தையின் ஆய்வுக்கூடத்தில் கற்றதே அவருக்கு அதிகம். 1876-இல் ராதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் சேர்ந்த அவர், பிரெஞ்சு அறிஞர்களின் முடிவைத் தம் சோதனைகளால் உறுதிப்படுத்தினார். அதோடு நில்லாமல், மாற்றம் இரண்டு படிகளில் நடக்கிறது, ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு உயிர் பொறுப்பு என்பதையும் காட்டினார். முதற்படியில் அம்மோனியா நைட்ரைட்டாகிறது. இரண்டாம் படியில் நைட்ரைட்டு நைட்ரேட்டாகிறது.

அந்த உயிர்களைத் தனியே பிரித்தெடுக்க அவர் பல ஆண்டுகள் முயன்றும் இயலவில்லை. வழக்கமான ஊட்டக் கூழில் பிற பாக்டீரியாக்கள் வளர்ந்து இவற்றை மறைத்துவிட்டன. 1890-இல் சூரிச் நகரில் பணியாற்றிய செர்கெய் வினோகிராட்ஸ்கி, கரிமப் பொருள் எதுவும் இல்லாத ஊடகத்தில் இவற்றை வளர்த்து வெற்றி பெற்றார். நைட்ரோசோமோனாஸ், நைட்ரோபாக்டர் ஆகிய பெயர்கள் அவர் வழியே பாடநூல்களில் நுழைந்தன. ஒளியில்லாமல், வேதிப்பொருளிலிருந்தே ஆற்றல் பெற்று வாழும் உயிர்கள் உலகில் உண்டு என்ற உண்மை அவருடைய ஆய்வுகளால் நிலைபெற்றது.

வாரிங்டன் குடும்பத்தின் அறிவியல் தொடர்பு அத்துடன் முடியவில்லை. மகன் வாரிங்டனின் மகள் கேதரின் வாரிங்டன் அதே ராதம்ஸ்டெட்டில் பணியாற்றி, தாவர வளர்ச்சிக்குப் போரான் இன்றியமையாதது என்பதை 1923-இல் நிறுவினார்.

கழிவுநீர் கற்பித்த பாடம்

அடுத்த முன்னேற்றம் நகரங்களின் சாக்கடையிலிருந்து வந்தது. 1914-இல் மான்செஸ்டர் நகரில் எட்வர்ட் ஆர்டெர்ன், வில்லியம் லாக்கெட் இருவரும் சாக்கடை நீருக்குள் காற்றைச் செலுத்திப் பார்த்தனர். அம்மோனியா முழுதும் நைட்ரேட்டாக மாற முதலில் ஐந்து வாரம் பிடித்தது. தெளிந்த நீரை மட்டும் வடித்துவிட்டு, அடியில் தங்கிய சேற்றை அப்படியே வைத்துக்கொண்டு புதுச் சாக்கடை நீரை ஊற்றினர். இவ்வாறு திரும்பத் திரும்பச் செய்யச் செய்ய, அதே வேலை 24 மணி நேரத்துக்குள் முடிந்தது. வீணென்று எண்ணிய சேறுதான் வேலைக்காரன் என்பது தெளிவாயிற்று. இவர்களுக்கு வழிகாட்டியாக இருந்த கில்பர்ட் ஃபவுலர் பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியராகப் பணியாற்றினார்.

மீன் நோயுற்றதும் பலர் முதலில் செய்வது தொட்டியைக் காலி செய்து, மணலையும் வடிகட்டியின் பஞ்சையும் குழாய் நீரில் பளிச்சென்று கழுவுவது. மான்செஸ்டர் சோதனையின்படி பார்த்தால், 24 மணி நேரத்தில் முடியும் வேலையை மீண்டும் ஐந்து வாரத்துக்குத் தள்ளுவதற்கு ஒப்பானது அது.

செவுளில் நடப்பது என்ன

1929-இல் அமெரிக்க உடலியல் அறிஞர் ஹோமர் ஸ்மித், தங்கமீன், கெண்டை மீன்களை வைத்து நடத்திய ஆய்வில், நைட்ரஜன் கழிவின் பெரும்பகுதி சிறுநீர் வழியே அன்றிச் செவுள் வழியே வெளியேறுவதைக் காட்டினார். உடலுக்குள் அம்மோனியா அதிகம், வெளிநீரில் குறைவு என்ற வேறுபாடு இருந்தால் அது தானாக வெளியே பரவும். வெளிநீரிலும் அம்மோனியா கூடிவிட்டால் வெளியேற்றம் தடைப்பட்டு, இரத்தத்தில் தேங்கத் தொடங்கும். மீன் உணவை மறுக்கும். செவுள் சிவந்து தடிக்கும். துடுப்புகளை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளும். மூச்சு வேகமாகும். அடியில் சாய்ந்து கிடக்கும், அல்லது மேற்பரப்பில் வாய் திறந்து நிற்கும்.

நீரில் அம்மோனியா இரண்டு வடிவங்களில் உள்ளது. ஒன்று மின்னூட்டமற்ற அம்மோனியா. இது செவுளை எளிதில் ஊடுருவும் கொடிய நஞ்சு. மற்றொன்று அம்மோனியம் அயனி. இதன் தீமை மிகக் குறைவு. எது எவ்வளவு என்பதை நீரின் பி.எச். மதிப்பும் வெப்பமும் முடிவு செய்கின்றன. 25 பாகை செல்சியசில் பி.எச். 7 என்றால் மொத்தத்தில் சுமார் 0.6 விழுக்காடு மட்டுமே நஞ்சு வடிவில் இருக்கும். பி.எச். 8 என்றால் 5 விழுக்காட்டுக்குச் சற்று மேல். பி.எச். 8.5 என்றால் சுமார் 15 விழுக்காடு. வெப்பம் 30 பாகைக்கு உயர்ந்தால் பி.எச். 8-லேயே 7 விழுக்காட்டைத் தாண்டும்.

எளிய கணக்கு ஒன்று. இரண்டு தொட்டிகளிலும் லிட்டருக்கு 1 மில்லிகிராம் மொத்த அம்மோனியா உள்ளதாகக் கொள்வோம். பி.எச். 7 உள்ள தொட்டியில் நஞ்சு வடிவம் 0.006 மில்லிகிராம்தான். பி.எச். 8.5 உள்ள தொட்டியில் 0.15 மில்லிகிராம். லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் தொடர்ந்து இருந்தாலே பல மீன்களின் செவுள் பாதிக்கப்படும். ஆக, முதல் தொட்டியில் மீன் நீந்திக்கொண்டிருக்கும். இரண்டாம் தொட்டியில் அதே அளவு அம்மோனியா மீனை வீழ்த்தும்.

இரண்டாம் படியில் தோன்றும் நைட்ரைட்டும் தீங்கானது. அது இரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாத வடிவமாக மாற்றும். இரத்தம் பழுப்பு நிறமாகும். நீரில் ஆக்சிஜன் நிறைந்திருந்தும் மீன் மூச்சுத் திணறும். இறுதியில் கிடைக்கும் நைட்ரேட்டின் தீமை மிகக் குறைவு. நீர் மாற்றுவதாலும் தாவரங்களாலும் அது குறையும்.

தமிழ்நாட்டில் மீன்தொட்டி

1909-இல் சென்னை மெரினா கடற்கரையில் திறக்கப்பட்ட மீன் காட்சியகம் இந்தியாவின் முதல் பொது மீன் காட்சியகமாகக் கருதப்படுகிறது. அதன் தோற்றத்துக்குப் பின்னணியில் இருந்தவர் சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன். இரண்டாம் உலகப் போரின்போது குண்டுவீச்சு அச்சத்தால் 1942-இல் அது மூடப்பட்டது. மும்பையின் தாராபோர்வாலா மீன் காட்சியகம் 1951-இல் திறக்கப்பட்டது.

கடற்கரைக் காட்சியகத்துக்குப் புதுநீர் பக்கத்திலேயே உண்டு. உள்நாட்டு வீட்டுத் தொட்டிக்கு அந்த வசதி இல்லை. இருக்கும் நீரையே சுத்தம் செய்து பயன்படுத்த வேண்டும். மின்சாரத்தில் இயங்கும் சிறு காற்று மோட்டாரும், பஞ்சு வடிகட்டியும், மணலுக்கடியில் நீரை இழுக்கும் தட்டு வடிகட்டியும் 20-ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பரவிய பிறகே நடுத்தரக் குடும்பங்களுக்கு மீன்தொட்டி கைகூடியது. சென்னையின் கொளத்தூர் வண்ணமீன் வளர்ப்புக்கும் விற்பனைக்கும் பெயர் பெற்ற இடமாக வளர்ந்தது. கொளத்தூர் மீன்கள் ஆக்சிஜன் நிரப்பிய பைகளில் பேருந்திலும் இரயிலிலும் கொங்கு நாட்டு ஊர்களுக்கும் வருகின்றன.

வண்ணமீன் வருவதற்கு முன்பே இங்கு வந்த சிறுமீன்களும் உண்டு. மலேரியா ஒழிப்புக்காக கப்பி மீன் 1908-இலும் கம்பூசியா மீன் 1928-இலும் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டன. வீட்டு நீர்த்தொட்டிகளிலும் கிணறுகளிலும் கொசுப்புழுவைத் தின்ன விடப்பட்ட இவை, ஊர்ப்புறச் சிறுவர்கள் பலருக்கு முதல் வளர்ப்பு மீன்களாயின.

காங்கேயத்து நீரும் மீனும்

காங்கேயம் மழை குறைந்த மேட்டுப் பகுதி. கொரங்காடு எனப்படும் மேய்ச்சல் நிலங்களும் அவற்றில் வளரும் காங்கேயம் மாடுகளும் இந்த வறட்சிக்கு ஏற்ப அமைந்தவை. நிலத்தடியில் கடினப் பாறை. அதன் இடுக்குகளில் தேங்கும் நீரில் சுண்ணாம்பும் மக்னீசியமும் கரைந்துள்ளன. பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடும் இந்நீரை மக்கள் உப்புத்தண்ணீர் என்றும், குழாயில் வரும் ஆற்று நீரை நல்ல தண்ணீர் என்றும் வழங்குகின்றனர். மேற்கே கோவைக்குக் கிடைக்கும் சிறுவாணி நீர் மென்மைக்கும் சுவைக்கும் பெயர் பெற்றது.

மீன் வளர்ப்பில் இந்த வேறுபாடு பெரிய விளைவைத் தருகிறது. ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரின் பி.எச். மதிப்பு 8-ஐ ஒட்டியும் அதைத் தாண்டியும் இருப்பது அரிதன்று. சித்திரை, வைகாசி மாதங்களில் தொட்டி நீர் எளிதில் 30 பாகையைத் தொடும். மேலே கண்ட கணக்கின்படி, மென்னீர் ஊரில் தாங்கக்கூடிய அம்மோனியா இங்கே கொல்லும். கடின நீருக்கு ஒரு நன்மையும் உண்டு. அதன் காரத்தன்மை பாக்டீரியாக்களின் பணிக்கு உதவும், பி.எச். திடீரென்று சரியாது. தொட்டி ஒருமுறை பழகிவிட்டால் நிலைத்து நிற்கும்.

குழாய் நீருக்குக் குளோரின் கலந்திருக்கும். அதை அப்படியே தொட்டியில் ஊற்றினால் செவுளும் புண்படும், நன்மை செய்யும் பாக்டீரியாவும் சாகும். ஒரு நாள் திறந்த வாளியில் வைத்துக் காற்றடித்த நீர் பாதுகாப்பானது.

மின்வெட்டு மற்றொரு காரணம். 2012-ஆம் ஆண்டையொட்டிக் கொங்கு மண்டலத்தில் நாள்தோறும் பல மணி நேரம் மின்சாரம் நின்றது. விசைத்தறிகளோடு மீன்தொட்டி மோட்டார்களும் நின்றன. வடிகட்டிக்குள் ஆக்சிஜன் தீர்ந்தால் பாக்டீரியா மடியும். மின்சாரம் வந்தபின் மோட்டார் ஓடினாலும் அம்மோனியா உயரும். நீண்ட மின்வெட்டுக்குப் பிறகு மூடிய வடிகட்டியை உடனே ஓட்டாமல், தொட்டி நீரிலேயே ஒருமுறை அலசிவிட்டு ஓட்டுவது நல்லது.

நோயுற்ற மீனை மீட்டல்

மீட்பு முறையின் நோக்கம் மூன்று: நஞ்சைக் குறைத்தல், மீன் மூச்சுவிட உதவுதல், பாக்டீரியாவைக் காத்தல். மருந்துக்கு இதில் முதலிடம் இல்லை. பாக்டீரியாக் கொல்லி மருந்துகள் சில, வடிகட்டியில் உள்ள நல்ல பாக்டீரியாவையும் அழித்து நிலைமையை மோசமாக்கும்.

முதலில் நீரைச் சோதிக்க வேண்டும். 1856-இல் யூலியஸ் நெஸ்லர் கண்டறிந்த கரைசல் அம்மோனியாவைப் பழுப்பு மஞ்சள் நிறத்தால் காட்டியது. அதில் பாதரசம் இருப்பதால், இப்போது கடைகளில் கிடைக்கும் சோதனைப் பெட்டிகள் பலவற்றில் பச்சை நிறம் தரும் சாலிசிலேட் முறை உள்ளது. பெரும்பாலான பெட்டிகள் இரு வடிவங்களையும் சேர்த்த மொத்த அளவையே காட்டும். ஆகவே பி.எச். மதிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சோதனைப் பெட்டி கிடைக்காவிட்டால், மேலே சொன்ன அறிகுறிகளே போதும் எனக் கொண்டு செயல்படலாம். தாமதம்தான் ஆபத்து.

உடனே உணவை நிறுத்த வேண்டும். உண்ணும் புரதமே அம்மோனியாவாகிறது. நலமாக உள்ள வளர்ந்த மீன் சில நாள் உணவின்றித் தாங்கும். அடியில் கிடக்கும் பழைய இரை, இறந்த மீன், அழுகிய இலை ஆகியவற்றை அகற்ற வேண்டும்.

அடுத்து நீர் மாற்றம். குளோரின் நீங்கிய, அதே வெப்பமுள்ள நீரால் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை மாற்றலாம். பாதி மாற்றினால் அம்மோனியாவும் பாதியாகும். அளவு குறையும் வரை நாள்தோறும் இதைத் தொடர வேண்டும். இங்கே ஓர் எச்சரிக்கை உண்டு. பல மாதம் நீர் மாற்றாத பழைய தொட்டியில் பி.எச். 7-க்குக் கீழே இறங்கியிருக்கலாம். அதில் அம்மோனியா பெரும்பாலும் தீமை குறைந்த அம்மோனியமாக இருக்கும். அத்தொட்டியில் ஒரேயடியாகக் கடின நீரை ஊற்றினால் பி.எச். உயர்ந்து, அம்மோனியம் நஞ்சாக மாறும். தண்ணீர் மாற்றியதும் மீன் இறந்தது என்று பலர் சொல்வதற்கு இது ஒரு காரணம். இத்தகைய தொட்டியில் பத்தில் ஒரு பங்காகப் பலமுறை மாற்றுவதே பாதுகாப்பு.

காற்று மோட்டாரை இடைவிடாமல் ஓட்ட வேண்டும். புண்பட்ட செவுளுக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவை. பாக்டீரியாவின் பணிக்கும் ஆக்சிஜன் வேண்டும். வெயில் காலத்தில் தொட்டியைச் சன்னலோரத்திலிருந்து நகர்த்திக் குளிர்வாக வைப்பதும் உதவும்.

வடிகட்டிப் பஞ்சைக் கழுவக் கூடாது. அடைத்துக்கொண்டிருந்தால் தொட்டியிலிருந்து எடுத்த நீரில் மெல்லப் பிழியலாம். நோயில்லாத பழைய தொட்டி வைத்திருப்பவரிடம் பயன்படுத்திய பஞ்சோ ஒரு கைப்பிடி மணலோ வாங்கிப் போடுவது மிகச் சிறந்த உதவி. 1877-இல் ஷ்லோசிங்கும் முன்ட்சும் மண்கரைசலை ஊற்றியதற்கு நிகரான செயல் இது.

அம்மோனியா குறைந்து நைட்ரைட்டு உயரும் கட்டத்தில் கல்லுப்பு பயன்படும். உப்பின் குளோரைடு, செவுள் வழியே நைட்ரைட்டு நுழைவதைத் தடுக்கும். லிட்டருக்கு 1 கிராம் அளவில் தனியே கரைத்துச் சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். நீர்த்தாவரங்களும் சிலவகைக் கெளிறு மீன்களும் உப்பை எளிதில் தாங்கா. அம்மோனியாவைப் பிடித்துவைக்கும் சியோலைட்டுக் கற்களைப் போட்டிருந்தால் உப்பிடக் கூடாது. உப்புநீரில் அக்கற்கள் தாம் பிடித்த அம்மோனியாவை விட்டுவிடும்.

அறிகுறிகள் நீங்கியபின் சிறிதளவு உணவோடு தொடங்கலாம். செவுள் ஆறச் சில வாரங்கள் ஆகும். அதுவரை புது மீன் எதையும் சேர்க்கக் கூடாது. செவுள் மிகவும் சிதைந்த மீன் நீர் சரியான பிறகும் இறப்பதுண்டு.

பையில் வரும் மீனுக்கும் இதே அறிவு பயன்படும். மூடிய பைக்குள் மீன் விடும் கரியமில வாயு நீரின் பி.எச்.-ஐக் குறைத்து, சேர்ந்துள்ள அம்மோனியாவை அடக்கி வைக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பி.எச். உயரும். ஆகவே நெடும்பயணம் வந்த பையை மூடியபடியே தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, திறந்தபின் காலம் தாழ்த்தாமல் மீனை மட்டும் வலையில் எடுத்து விட வேண்டும். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

இதையெல்லாம் தவிர்க்க ஒரே வழி, மீன் விடுமுன் தொட்டியைப் பழக்குவது. தூய அம்மோனியம் குளோரைடைச் சிறிதளவு இட்டு, அம்மோனியாவும் நைட்ரைட்டும் ஒரு நாளில் மறையும் வரை காத்திருந்து, பெரும்பகுதி நீரை மாற்றியபின் மீன் விடலாம். ஈயம் பூசும் நவச்சாரத்தில் பிற உலோகக் கலப்பு இருக்கலாம் என்பதால் அதை இதற்குப் பயன்படுத்தலாகாது.

தொடரும் கண்டுபிடிப்புகள்

வினோகிராட்ஸ்கி காலத்துப் பெயர்களே தொட்டிகளுக்கும் பொருந்தும் என்று நூறாண்டுகள் நம்பப்பட்டது. 1998-இல் டிமோத்தி ஹோவனெக் குழுவினர், நன்னீர்த் தொட்டிகளில் நைட்ரைட்டை மாற்றுவது நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா வகை என்று காட்டினர். 2005-இல் அம்மோனியாவை மாற்றும் ஆர்க்கியா வகை நுண்ணுயிர் முதன்முதலாகத் தனியே வளர்க்கப்பட்டது. அது கிடைத்த இடம் சியாட்டில் நகர மீன் காட்சியகத்தின் தொட்டி. இரண்டு படிகளையும் தனியொருவராகச் செய்து முடிக்கும் நைட்ரோஸ்பைரா உண்டு என்பதை 2015-இல் இரு குழுக்கள் ஒரே நேரத்தில் வெளியிட்டன. அவற்றுள் நெதர்லாந்துக் குழு அதைக் கண்டெடுத்தது மீன் வளர்ப்பு நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டியில்தான். இரண்டு படிக்கும் இரண்டு உயிர் வேண்டும் என்ற மகன் வாரிங்டனின் முடிவுக்கு, ஏறத்தாழ 135 ஆண்டுகளுக்குப் பின் ஒரு விதிவிலக்கு கிடைத்தது.

தொட்டிக்கு வெளியே

மூடிய நீரில் எதை ஊற்றினாலும் அது அங்கேயே தங்கும் என்ற உண்மையைக் காங்கேயம் வட்டாரம் பெரிய அளவில் கண்டிருக்கிறது. காங்கேயத்துக்கு வடக்கே நொய்யல் ஆற்றின் குறுக்கே 1992-இல் கட்டி முடிக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, பாசனத்துக்காக அமைந்தது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் கழிவு ஆற்றில் வந்து அணையில் தேங்கியதால் நீர் பாசனத்துக்கு ஆகாமல் போயிற்று. சுற்றுவட்டாரக் கிணறுகளும் கெட்டன. அங்கே தேங்கியவற்றுள் முதன்மையானது அம்மோனியா அன்று, கரைந்த உப்புகளும் சாயமும். அம்மோனியாவை நைட்ரேட்டாக்கப் பாக்டீரியா உண்டு. சாதாரண உப்பை எந்த நுண்ணுயிரும் தின்று தீர்க்காது. விவசாயிகளின் நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பின், 2011 சனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. கழிவுநீரைச் சொட்டும் வெளியே விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறைக்கு அவை மாற வேண்டியதாயிற்று.

ஆற்றுநீரின் நிலையைப் பள்ளி மாணவர் தம் கண்ணால் முழுதும் காண முடியாது. கண்ணாடித் தொட்டியில் அது ஆறு வாரங்களில் கண்முன் நடந்து முடிகிறது. அம்மோனியா ஏறி இறங்குவதையும், நைட்ரைட்டு ஏறி இறங்குவதையும், நைட்ரேட் மெல்ல உயர்வதையும் நாள்தோறும் அளந்து வரைபடத் தாளில் குறித்துவரும் மாணவர், வாரிங்டன் இருவரும் ஒரு குடும்பமாகத் தேடியதை ஒரு பருவத்துக்குள் கற்றுக்கொள்ள இயலும். அவர் தொட்டியில் மீனும் பிழைத்திருக்கும்.